உன்ர அந்த மூண்டு வரி கோட்

மச்சான்,

ஆறு மாசமா ஒரு வரி எழுதேல்ல, பிழைதான், மன்னிச்சுக்கொள்ளு. அம்மாக்கு முழங்கால் நோ குறைஞ்சிட்டு, கோணேசர் கோயிலுக்குத் திரும்பவும் நடந்தே போறா. குண்டன்ர கலியாணம் ஆவணியில, நீ வேட்டி கட்டப் பழகிட்டியோ எண்டு இப்பவே கேக்கிறான். இனி விசயத்துக்கு வாறன்.

சின்னமாமாவின்ர வள்ளத்துக்கு ஆழம் பாக்கிற கருவி ஒண்டு செய்தனான். பழுதாக் கிடந்த மீன் பாக்கிற மெசினில இருந்து அடியில பூட்டுற சென்சரைக் கழட்டி, ஈஎஸ்பி32 எண்ட சின்னக் கம்ப்யூட்டர் போர்ட் ஒண்டில பூட்டி, சத்தத்தை விட்டு எதிரொலி வாற நேரத்தை எண்ணுறது, அவ்வளவுதான். நேரம் எண்ண நான் போட்டது கம்பஸில படிக்கேக்க நீ எழுதித் தந்த அதே மூண்டு வரி. தொடங்கேக்க புரொசெசரின்ர சைக்கிள் கவுண்டரை, அதான் அதின்ர துடிப்பை எண்ணுற கவுண்டரை வாசி, முடியேக்க வாசி, கழிச்சுப்போட்டு மெகாஹேர்ட்ஸால பிரி. உன்ர லப்டொப்பில கவுண்டரை வாசிக்கிற ஆர்டிடிஎஸ்சி கட்டளை இருந்த இடத்தில இந்தச் சிப்பின்ர கவுண்டரான சிகவுண்ட் ரெஜிஸ்டரைப் போட்டன், வேற ஒண்டும் மாத்தேல்ல. வீட்டில யூஎஸ்பி வயரில நல்லா ஓடிச்சு. கடலுக்குப் போறதெண்டு பற்றரி மிச்சம் பிடிக்கிற செற்றிங்கை ஒன் பண்ணினன், அதிலதான் வில்லங்கம் துவங்கினது.

கொட்டியாரக்குடா உனக்குத் தெரியும்தானே, அடியில பள்ளத்தாக்கு ஓடுற இடம், ஆழம் பொசுக்கெண்டு விழும். காலமை அஞ்சரைக்கு, கச்சான் காத்து எழும்ப முதல், மாமா ஈயக்கட்டி கட்டின கயித்தை விட்டுப்போட்டு ரெண்டு கையையும் விரிச்சு விரிச்சு எண்ணி இழுத்தார், பதினாறரைப் பாகம். கிட்டத்தட்ட 30 மீட்டர். என்ர திரையில 29.7. எனக்கெண்டா சந்தோசம் தாங்கேலாது. அடுத்த வாசிப்பு 9.9. பிறகு 29.7. பிறகு 13 ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்! உலகத்துக் கடலிலயே அவ்வளவு ஆழம் இல்லையடா. மாமா ஒண்டும் பேசேல்ல, கயித்தைச் சுத்தி என்ர மடியில வைச்சார்.

அண்டைக்கு ராத்திரி முழுக்க இருந்து கண்டுபிடிச்சன். 30 மீட்டருக்குப் போய்வர சத்தத்துக்கு 40 மில்லிசெக்கன், 240 மெகாஹேர்ட்ஸில அது 96 இலட்சம் சைக்கிள். பற்றரி மிச்சம் பிடிக்கச் சிப் 80 மெகாஹேர்ட்ஸுக்கு இறங்கினா அதே 40 மில்லிசெக்கனுக்கு 32 இலட்சம்தான் எண்ணுப்படும். நான் அதையும் 240 ஆல பிரிக்கிறன். மூண்டில ஒண்டு. 9.9 வந்தது அப்பிடித்தான். 13 ஆயிரம் வேற கதை. அந்தச் சிப்பில ரெண்டு கோர், அதாவது ஒரு சிப்புக்குள்ள ரெண்டு புரொசெசர், ரெண்டுக்கும் தனித்தனிக் கவுண்டர், ரெண்டும் ஒண்டுக்கொண்டு பொருந்தாது. தொடக்கத்தை ஒரு கோரில வாசிச்சு, முடிவை மற்றக் கோரில வாசிச்சா கழிவு மைனஸாப் போகும், மைனஸ் தெரியாத 32 பிட் எண்ணில அது நானூறு கோடிக்குக் கிட்டின எண்ணா நிக்கும்.

உன்ர லப்டொப்பில மட்டும் ஏன் சரியா வந்தது? புது இன்ரெல், ஏஎம்டி சிப்பில அந்தக் கவுண்டர் வேகம் கூடினாலும் குறைஞ்சாலும் ஒரே சீராத்தான் ஓடும், பேர்தான் சைக்கிள் கவுண்டர், உண்மையில அது மணிக்கூடு. 1993 இல பென்டியத்தோட வரேக்க அது உண்மையாவே சைக்கிளைத்தான் எண்ணினது. 2005 இல வந்த ஏஎம்டியின்ர அத்லோன் 64 எக்ஸ்2 சிப்பில ரெண்டு கோரும் விலகி விலகிப் போய் கேம் எல்லாம் தாறுமாறா ஓடினது. றாஸ்பெரி பை 4 எண்ட சின்னக் கம்ப்யூட்டரில இன்னொரு மாதிரி. வாசிக்க விடுற கவுண்டர் 54 மெகாஹேர்ட்ஸ், சிப் ஓடுறது 1500 இல, ஒரு தட்டுக்குள்ள 27, 28 சைக்கிள் போயிடும். உண்மையான சைக்கிள் கவுண்டரைத் தொட்டா ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின்ர கேர்னல் விடாது, புரோகிராம் அந்த இடத்திலயே செத்துப்போகும். மூண்டு மெசின், ஒரே பேர், மூண்டு அர்த்தம். இதை ஏன்டா எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்ல? கண்ணாடி சேர் இருபது ஊசலாட்டம் எண்ணச் சொல்லேக்க நூலின்ர நீளத்தை முதல் அளக்கச் சொன்னவர், ஞாபகம் இருக்கே?

கடைசியா ஈஎஸ்பி32 இலயே இருக்கிற ஈஎஸ்பி டைமருக்கு மாறிட்டன். மைக்ரோசெக்கன் கணக்கில 64 பிட், எந்தக் கோரில வாசிச்சாலும் ஒண்டுதான். ஒரு மைக்ரோசெக்கன் எண்டா ஆழத்தில முக்கால் மில்லிமீட்டர், அதுக்கு மேல நுணுக்கம் மாமாவுக்கு எதுக்கு? சத்தத்தின்ர வேகத்தை 1500 எண்டு போட்டிருந்தன், எங்கட சூட்டுத் தண்ணியில அது 1540 க்குக் கிட்ட. அதை மாத்தினதோட 29.7 எண்டது 30.5 ஆச்சு, அதிலயே 80 சென்ரிமீட்டர்.

மச்சான், இப்ப சொல்லப்போறதுக்குத்தான் இவ்வளவும் எழுதினனான். போன முறை கதைக்கேக்க மருந்து ஏத்துற பம்புக்கு புரோகிராம் எழுதுறன், 72 மெகாஹேர்ட்ஸ் எஸ்டிஎம்32 சிப் எண்டு சொன்னாய். நீ உன்ர கோட்டை விடமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும், அந்த மூண்டு வரி அதுக்குள்ளயும் கட்டாயம் இருக்கும். அந்தச் சிப்பின்ர கவுண்டர் 32 பிட். 59.65 செக்கனில நிரம்பித் திரும்ப பூச்சியத்தில துவங்கும். அதுக்குள்ள ஒருதரம் திரும்பினா கழிச்சல் தாங்கும், ஒரு நிமிசத்துக்கு மேல விட்டியெண்டா போன சுற்று போனதுதான், ரெண்டு நிமிசம் போனதை அரைச் செக்கன், முக்கால் செக்கன் எண்டு காட்டும். இன்னொண்டு, பிழை தேடப் பூட்டுற டீபக்கர் பூட்டியிருக்கேக்க அது கவுண்டருக்குத் தேவையான பிட்டைப் போட்டுவிடும், நீ கோட்டில போட மறந்தாலும் உன்ர மேசையில ஓடும். வயரைக் கழட்டி, கரண்டை நிப்பாட்டித் திரும்பப் போட்ட பிறகு கவுண்டர் அசையாமக் கிடக்கும். அந்தப் பம்பின்ர மற்ற நுனியில ஆற்றையோ அம்மாவின்ர கை இருக்கும்.

இண்டைக்கு ராவே டீபக்கரைக் கழட்டி, கரண்டை நிப்பாட்டித் திரும்பப் போட்டு, கையில மணிக்கூட்டோட இருந்து, அஞ்சு நிமிசம் ஓடவிட்டுப் பார். பாத்திட்டு என்ன வந்தது எண்டு ஒரு மெசேஜ் போடு, எத்தினை மணியெண்டாலும் பரவாயில்லை. சனிக்கிழமை விடிய மாமாவோட திரும்பவும் கடலுக்குப் போறன், அங்க சிக்னல் இல்ல. அதுக்கு முதல் சொல்லு.

உன்ர
மச்சான்
உப்புவெளி, திருகோணமலை