பாம்பன் பாலத்தின் துரு

ஆசிரியருக்கு வணக்கம். 2024 நவம்பரில் பாம்பன் புதிய ரயில் பாலத்தை ஆய்வு செய்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில் ஓடும் முன்பே இரும்புப் பாகங்களில் துரு ஏறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். மணிக்கு 75 கிலோமீட்டர், கப்பலுக்கு வழிவிட மேலே உயரும் தூக்குப் பகுதியில் 50 என்று வேகவரம்பு வைத்துத்தான் அனுமதியும் கொடுத்தார். ஆணையம் ரயில்வேயின் கீழ் இல்லாமல், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருப்பதால்தான் இவ்வளவு பட்டென்று எழுத முடிந்தது என்று நினைக்கிறேன். சரி, எழுதியாயிற்று; அப்புறம்? அனுமதி கொடுத்தபின் அவரால் பரிந்துரைக்கத்தான் முடியும். நடைமுறைப்படுத்துவது ரயில்வேயின் கையில். பாம்பன் உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. எந்தக் குறை எந்தத் தேதியில் சரிசெய்யப்பட்டது என்பதை மண்டபம், ராமேசுவரம் நிலையங்களில் பயணிகள் படிக்கும்படி ரயில்வே எழுதி வைக்க வேண்டும்.

– வாசகர், மண்டபம்