மைனரை அவிழ்த்துவிடாதே

அன்புள்ள மூர்த்திக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டுவதாக இருந்தால் திட்டி முடித்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சுகம். சித்தப்பாவின் முழங்கால் பழையபடியேதான். தனுஷ்கோடிக்கு உன் நாய் மைனரைக் கூட்டிப்போய், ஆளில்லாத கரையில் அவிழ்த்துவிடப் போவதாக எழுதியிருந்தாயே, அதைப் பார்த்துத்தான் பேனாவை எடுத்தேன். தாராளமாகப் போ. அவிழ்த்து மட்டும் விடாதே.

அவன் ராஜபாளையத்தான், வேட்டை இனம். கண்ணில் ஏதாவது ஓடினால் காது வேலை செய்யாது. அங்கே மணல்மேடுகளில் இராவணன் மீசை என்றொரு புல் உண்டு. அதன் முள்பந்து முற்றிக் கழன்றதும் காற்றில் கரைநெடுக உருண்டோடும். மைனருக்கு அது முயல். பாய்ந்து பிடித்தால் பாதத்திலும் கண்ணிலும் குத்தும். கூப்பிட்டால் வருவான் என்பாய். காற்றை எதிர்த்துக் கத்தும் குரல் அங்கே கொஞ்ச தூரம்கூடப் போகாது. எப்போதும் காற்று வரும் பக்கமாக நீ நில், அவன் காற்று போகும் பக்கம் இருக்கட்டும். முதலில் காற்றை எதிர்த்து நடந்துவிடு. களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும், கண்ணில் மணல் அடிக்காது.

கயிறு 10 மீட்டர் இருக்கட்டும், பட்டையான நைலான். கழுத்துப் பட்டையில் மாட்டாதே. முழுவேகத்தில் ஓடிக் கயிறு தீரும்போது கழுத்து வெட்டி இழுக்கும். மார்போடு மாட்டும் ஹார்னஸ்தான் சரி. நீயும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதே.

மாசி, பங்குனியில் கடல் அடங்கியிருக்கும் என்று நீ கணக்குப் போட்டது சரிதான். ஆனால் அப்போதுதான் பங்குனி ஆமை கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேலும் இருக்கும். வனத்துறை ஆட்கள் எடுத்துப் பொரிப்பகத்தில் வைப்பதற்குள் நாய் மோந்து தோண்டினால் போச்சு. பூநாரை நிற்கும் சேற்றுப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. 2025 ஜூனில் அதைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள்.

தெற்கே மன்னார் வளைகுடா சீறும் ஆண்கடல், வடக்கே பாக் விரிகுடா அடங்கிய பெண்கடல் என்று சொல்வார்கள். அதை நம்பி வடக்கே இறங்கிவிடாதே. வாடைக்காற்றுக் காலத்தில் குணம் மாறும், பெண்கடல் சீறும். நிலம் முடியும் அரிச்சல்முனையில் எந்த மாதமும் அவனை இறக்காதே. இரண்டு கடலும் சேரும் இடம், நீரோட்டம் ஆளையே இழுக்கும்.

1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு நிழல் என்று சொல்ல அங்கே அதிகமில்லை. முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை, இருபுறமும் கடல். காலை ஆறரைக்குள் போய் ஒன்பதுக்குள் வண்டியேறிவிடு. புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பார். உனக்குத் தாங்காவிட்டால் அவனுக்கும் தாங்காது. வெள்ளை முடி, ரோஜா மூக்கு என்று பெருமையடிப்பாயே, அந்த மூக்குதான் முதலில் வெந்து தோலுரியும்.

இருபத்தைந்து கிலோ நாய்க்கு நான்கு லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்துப்போ. கால்மணிக்கொருமுறை கொஞ்சம் கொடு. தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் முதலில் வாந்தி, பேதி. அதிகமானால் வலிப்பு வரைக்கும் போகும். அதைவிடப் பயம் கரையில் ஒதுங்கும் பேத்தை மீன். செத்துக் காய்ந்தாலும் விஷம் விஷம்தான், அதற்கு மாற்று மருந்து கிடையாது. அவன் எதைக் கவ்வினாலும் வாயைத் திறந்து பார்த்துவிடு. அறுந்த தங்கூசி (மெல்லிய நைலான் நரம்பு) வலை காலில் சிக்கினால் இழுக்காதே, கத்தரிக்கோலால் வெட்டு. முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கையும் காதையும் துடை. உப்பு காய்ந்தால் நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்வான்.

அம்மா ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடாமல் திரும்பமாட்டார்கள். அவ்வளவு நேரமும் மைனரைக் காரில் பூட்டிவைக்கக் கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டாலும் உள்ளே வெந்துபோவான். வெளியே நிழலில் அவனோடு நிற்க ஓர் ஆள் வேண்டும். அது நீதான் என்று இப்போதே முடிவு செய்துகொள்.

சித்தப்பாவுக்கு அரைக்கிலோ நெத்திலிக் கருவாடு வாங்கிவா. பின்சீட்டில் மட்டும் வைக்காதே.

உன்,
சேது