இடிக்கும் முன் அளவெடுங்கள்: திண்டுக்கல் புகையிலைக் கிட்டங்கிகள் குறித்து ஒரு திறந்த மடல்

பழைய கட்டடங்களின் காப்புக்கும் இடிப்பு அனுமதிக்கும் பொறுப்பேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருக்கோடியில் இருந்த புகையிலைக் கிட்டங்கி, அதாவது இலையைச் சேர்த்துவைக்கும் பழைய கிடங்கு, இடித்துத் தள்ளப்பட்டதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்கான கோப்பும், அதை நிறுத்தச் சொல்லி நாங்கள் கொடுத்த மூன்று மனுக்களும் தங்கள் மேசைகளைக் கடந்தே சென்றிருக்கின்றன என்பதால், அந்தக் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஊரில் மிஞ்சியிருக்கும் கிட்டங்கிகளில் எதை இடிக்கவும் இனி அனுமதி கொடுப்பதற்கு முன், அதை அளந்து, வரைந்து, படமெடுத்து, காக்கத் தக்கதா என்று ஆராய்ந்து சொல்லுங்கள்.

எங்கள் முதல் மனுவுக்கு, கட்டடம் கட்டப்பட்ட ஆண்டைக் காட்டும் ஆவணம் வேண்டும் என்றார்கள். பட்டாவில் நிலம் இருக்கிறது, கட்டடம் இல்லை. வரி ரசீதில் கடைசியாக வாங்கியவரின் பெயர் இருக்கிறதே தவிர முதலில் கட்டியவரின் பெயர் இல்லை. நான்கு கைமாறிய சொத்தின் பழைய பத்திரத்தைத் தேடி ஒன்றரை மாதம் அலைந்து, கிடைத்த நகலோடு இரண்டாவது மனுவைக் கொடுத்தபோது, இது வேறு பிரிவுக்குப் போக வேண்டியது என்று திருப்பிவிட்டார்கள். மூன்றாவது மனு பரிசீலனையில் இருப்பதாகத் தெரிவிக்கும் கடிதம் தபாலில் வந்தது. அந்தக் கடிதத்தில் இடப்பட்டிருந்த தேதி, கட்டடம் விழுந்ததற்கு மறுநாள்.

ஆவணம் கேட்டவர்களில் ஒருவராவது நேரில் வந்து பார்த்திருந்தால், அந்தச் சுவரே ஆவணம் என்பது புரிந்திருக்கும். இரண்டு அடிக்கும் மேல் தடித்த செங்கல் சுவர், சிமெண்ட் கலக்காத சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைப் படுக்கவிடாமல் விளிம்பில் நிறுத்தி அடுக்கிய மச்சு, தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் கட்டிய தளம் எல்லாம் அங்கே இருந்தன. சன்னல்கள் ஆள் எட்டாத உயரத்தில், சிறியவையாக, எதிரெதிரே அமைந்திருந்தன. காசு மிச்சம் பிடிக்க அப்படிக் கட்டவில்லை. பாடம் போட்ட, அதாவது உலர்த்திப் பதப்படுத்திய, புகையிலை மிகவும் காய்ந்தால் நொறுங்கிவிடும், ஈரம் ஏறினால் பூஞ்சை பிடித்துவிடும். அம்பாரமாக அடுக்கிய இலை தானாகவே உள்ளுக்குள் சூடேறும் என்பதால், சில நாட்களுக்கு ஒருமுறை அதைப் பிரித்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயும் மாற்றி அடுக்க வேண்டும். வெயில் நேரே விழாமல், காற்று மேலே மட்டும் ஓடி, சூடும் ஈரமும் ஒரே நிலையில் நிற்க வேண்டும் என்ற கணக்கை மனத்தில் வைத்து அந்தக் கொத்தனார்கள் எழுப்பிய சுவர் அது.

அப்படியொரு கிட்டங்கியில்தான் என் அப்பத்தா இருபது வருடத்துக்கு மேல் இலையின் நடுநரம்பு கிழித்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாம்பல் போட்டுக் கை கழுவுவார். அப்படியும் அவர் பிசைந்து கொடுக்கும் சோற்றில் ஒரு கசப்பு இருக்கும். இடிபாட்டிலிருந்து உள்ளங்கை அளவுள்ள காரைத் துண்டு ஒன்றை எடுத்து வந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். வெயில் நாளில் அதற்கு எந்த மணமும் இல்லை. சென்ற வாரம் மழை பெய்த அன்று, அறை முழுவதும் அப்பத்தாவின் சேலை மணம்.

1875-இல் திருச்சியிலிருந்து மதுரைக்கு ரயில் பாதை எங்கள் ஊர் வழியாக வந்த பிறகு, இந்த வணிகத்துக்கு வேகம் கூடியது. சுற்றுவட்டாரத்தில் விளைந்த ஊசிக்கப்பல், வட்டக்கப்பல் என்ற புகையிலை வகைகள் சிப்பம் சிப்பமாக இங்கே வந்து இறங்கின. ஸ்பென்சர் கம்பெனி இங்கே சுருட்டு ஆலை நடத்தியது. வேடசந்தூரில் 1948-இல் புகையிலை ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. இவை எல்லாம் தங்களுக்குத் தெரிந்தவைதான். எங்கள் ஊர் மலைக்கோட்டைக்குக் காவலும் அறிவிப்புப் பலகையும் உண்டு, அது வேண்டியதுதான். ஆனால் மன்னர்கள் கட்டியது மட்டும்தான் வரலாறா? ஆயிரக்கணக்கானோர் கூலிக்கு வேலை செய்த இடம் எந்தப் பட்டியலிலும் வராமலே போக வேண்டுமா? நெசவுக் கூடமும், தோல் கிடங்கும், அரிசி ஆலையும் இப்படித்தான் ஒவ்வோர் ஊரிலும் சத்தமில்லாமல் மண்ணாகின்றன. பழைய கட்டடங்களைக் காக்கவென்று 2012-இல் இயற்றிய மாநில மரபு ஆணையச் சட்டமே பத்தாண்டுக்கும் மேல் கிடந்த பிறகுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் விழுந்த சுவர்களுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

புகையிலை உயிரைக் குடிக்கும் பொருள், அதற்கு எதற்கு நினைவிடம் என்று ஓர் அதிகாரி என்னிடம் கேட்டார். அப்பத்தா கடைசி ஆறு வருடம் இருமியே கழித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் பெருமை பேச இடம் கேட்கவில்லை. அந்தப் பெண்கள் எவ்வளவு தூசியில், எவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைக் காட்ட அந்தக் கட்டடத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.

மற்ற ஊர்களிலும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. லிவர்பூலில் 1901-இல் 2 கோடியே 70 இலட்சம் செங்கற்களைக் கொண்டு எழுப்பிய புகையிலைப் பண்டகசாலை பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்து, இன்று குடியிருப்பாக மாறியிருக்கிறது. கிரேக்கத்தின் கவாலா நகரம் தன் பழைய பண்டகசாலைகளில் சிலவற்றைக் காத்ததோடு, புகையிலைக்கென ஓர் அருங்காட்சியகமும் வைத்திருக்கிறது. பல்கேரியாவின் பிளோவ்டிவ் நகரமோ, 2019-ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராகத் தேர்வான பின்னும், 2016 ஆகஸ்டில் தன் பழைய புகையிலைக் கிடங்குகள் சிலவற்றைத் தீயில் இழந்தது. நம் ஊரில் தீ தேவைப்படவில்லை. ஒரு பொக்லைனும் ஒரு விடுமுறை நாளும் போதுமாயிருந்தன.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டடத்தையும் காப்பாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. உரிமையாளர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, அவர்களுக்கு வரிச் சலுகையோ மாற்றுப் பயன்பாட்டுக்கு அனுமதியோ கொடுக்காமல் வெறுமனே வைத்திரு என்று சொல்வதும் நியாயமில்லை. இடிப்பதற்கு முன் அளவெடுங்கள், ஆராய்ந்து முடிவைச் சொல்லுங்கள், அதுவரை அனுமதியை நிறுத்தி வையுங்கள் என்று மட்டுமே மீண்டும் பணிவுடன் வேண்டுகிறேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இன்னொரு கிட்டங்கி நிற்கிறது. கூரையின் வடமூலையில் ஓடு சரிந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன் ஓர் அளவையாளரை அனுப்பிவைக்க முடியுமா? உரிமையாளரிடம் பேசிவிட்டேன், கதவைத் திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார். வரும் நாளை மட்டும் தெரிவித்தால், ஏணியோடும் அளவு நாடாவோடும் நாங்கள் வாசலில் காத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நரம்பு கிழித்த ஒருவரின் பேரன்
திண்டுக்கல்