வளையல் அளவும் வகையும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஆடிப்பூரத்தன்று அம்மனுக்குச் சாத்தும் வளையல்களுக்கும், வளைகாப்புகளுக்கும் ஆர்டர்கள் வரத் தொடங்கிவிட்டதால், கடையில் கூட்ட நேரத்தில் நிதானமாகச் சொல்ல முடியாத சிலவற்றை இம்மடலில் தெரிவிக்கிறோம்.

முதலில் அளவு. பெட்டியில் 2.4, 2.6, 2.8, 2.10 என அச்சிட்டிருப்பவை தசம எண்கள் அல்ல. புள்ளிக்குப் பின் வருவது, ஓர் அங்குலத்தைப் பதினாறாகப் பகுத்த கணக்கு. ஆகவே 2.4 என்றால் இரண்டேகால் அங்குல உள்விட்டம், அதாவது ஏறத்தாழ 57 மி.மீ.; 2.8 என்றால் இரண்டரை அங்குலம், 2.10 அதனினும் பெரிது. சென்ற ஆண்டு ஒரு அம்மையார் தொலைபேசியில், "2.8 தொளதொளவென்று இருக்கிறது, 2.10 அனுப்புங்கள்" என்றார், நாங்களும் விளக்கம் கேளாமல் அனுப்பிவைத்தோம். இரண்டு டஜனும் திரும்பி வந்தன. பிழை எங்களுடையதே.

அளக்கும்போது மணிக்கட்டை அளக்க வேண்டாம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, விரல் முட்டிகளையொட்டிக் கை மிக அகன்றிருக்கும் இடத்தில் நூலைச் சுற்றி, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் உள்விட்டம் கிடைக்கும். ஏழாம், ஒன்பதாம் மாதங்களில் கை சற்று வீங்கியிருப்பது இயல்பு என்பதால், வளைகாப்புக்குத் திருமணத்தின்போது வாங்கிய அளவைச் சொல்லாமல் அந்த வாரத்திலேயே அளந்து சொல்வது நல்லது. வளைகாப்புக்குக் கண்ணாடி வளையலையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். கருவிலிருக்கும் பிள்ளை கேட்கட்டும் என்று அடுக்கும் வளையலுக்கு ஓசை வேண்டுமல்லவா? பிரோசாபாத்திலிருந்து வரும் அவற்றில், முனைகளை ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பாருங்கள்; அங்கே நெருடினால் தயங்காமல் மாற்றிக் கேளுங்கள்.

குழந்தைக்கு வெள்ளிக் காப்பு எடுப்போர், வளர வளர அகற்றிக்கொள்ள வாய் திறந்த காப்பாகப் பார்த்து, முனைகள் உருண்டு மழுங்கியிருக்கின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். வசம்பு வளையலைப் பலர் கேட்கிறார்கள். பிள்ளை கையை வாயில் வைக்கும் என்பதாலும், வசம்பு உள்ளே போவது நல்லதல்ல என்பதாலும், கோத்த மணி அறுந்து தொண்டையில் சிக்கக்கூடும் என்பதாலும் அதை நாங்கள் விற்பதில்லை. இதில் பாட்டிமார்களுக்கு எங்கள் மேல் வருத்தம் உண்டு.

செம்புக் காப்பு மூட்டுவலியைப் போக்கும் என்று சொல்லி நாங்கள் விற்பதில்லை. ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. நம்பிக்கையாலும் அழகுக்காகவும் அணிவோர் தாராளமாக அணியலாம். வியர்வை பட்டுக் கையில் படியும் பச்சை நிறம் சோப்பு போட்டால் போய்விடும். மங்கிய காப்பைப் புளியால் தேய்த்துக் கழுவினால் பளபளக்கும்.

அளப்பதில் ஐயம் இருந்தால், கைக்குச் சரியாக இருக்கும் பழைய வளையல் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அதுவே எங்களுக்குப் போதும்.

இப்படிக்கு,
கடையார்