காலை வாருறதும் காலை இழுக்குறதும்

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்க வர்றதுக்காக இங்கிலீஷ் இடியம்ஸ், அதான் மரபுத்தொடர், புத்தகம் வாங்கி மனப்பாடம் பண்றியாமே, அம்மா சொன்னாங்க. அதுல 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' வந்தா தாண்டிப் போயிடு. இங்க மழை கொட்டினா 'சக்கிங் இட் டவுன்'னுதான் அதிகமா காதுல விழும்.

கை, கால், கண்ணு வர்றதுலதான் நம்மாளுங்க மாட்டிக்கிறாங்க. 'புல்லிங் மை லெக்'னா சும்மா கலாய்க்கிறது. நாம காலை வாருறான்னா துரோகம். யாராவது அப்படிச் சொன்னா சண்டைக்குப் போயிடாதே. 'கீப் அன் ஐ ஆன் மை பேக்'னா பையைப் பாத்துக்கோ. நம்ம கண்ணு வைக்கிறது இல்ல. கடைசி நேரத்துல பயந்து பின்வாங்கினா 'கோல்ட் ஃபீட்'. 'அன் ஆர்ம் அண்ட் அ லெக்'னா தடைக்காலத்துல காசிமேட்டுல வஞ்சிரம் கேக்குற மாதிரி, யானை விலை.

ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. இழுக்குறது ஒரு கால்தான், 'லெக்ஸ்' இல்ல. சில்லுன்னு ஆகுறது ரெண்டு பாதமும், அதனால 'ஃபீட்'. காலத்தையும், 'மை', 'யுவர்'னு ஆளையும் மட்டும் மாத்தலாம்: 'புல்' 'புல்டு' ஆகும், 'காட் கோல்ட் ஃபீட்'னு சொல்லலாம்.

அர்த்தம் மட்டும் எழுதி வைச்சா பிரயோஜனம் இல்ல. யாரு யாருகிட்ட சொல்றாங்கன்னும் பக்கத்துல எழுது. 'கிக்டு த பக்கெட்' நம்ம 'மண்டையப் போட்டான்' மாதிரி. சாவு வீட்டுல சொல்லுவியா? அங்க 'பாஸ்டு அவே'. 'நேக்கர்டு'னா செம டயர்டு. கூட வேலை செய்றவங்ககிட்ட ஓகே, இன்டர்வியூல வேணாம். அந்த இன்டர்வியூலயே படிப்பு முடிச்சதை 'பாஸ்டு அவுட் இன் 2019'னு சொல்லிடாதே, மயக்கம் போட்டு விழுந்தேன்னு எடுத்துப்பாங்க. 'கிராஜுவேட்டட்'னு சொல்லு.

சளி, லேசான காய்ச்சலுக்கு 'அண்டர் த வெதர்' போதும். ஆபரேஷனுக்கு ஒத்து வராது.

வாரத்துக்கு அஞ்சு போதும். ஒண்ணொண்ணையும் முழு வாக்கியமா எழுதி, வாய்விட்டுச் சொல்லு. மூணு பேரு பேசிக் கேட்டப்புறம் நீ பேச ஆரம்பி.

கடைக்குள்ள நுழைஞ்சதும் 'யூ ஆல்ரைட்?'னு கேப்பாங்க. அது வணக்கம் மாதிரி. 'யா, யூ?'ன்னு போயிடணும். முட்டிவலிக் கதையெல்லாம் எடுக்காதே.

ஷிஃப்டு 'ஹாஃப் செவன்'னு சொன்னா ஏழரை. ஆறரைன்னு போய் நின்னா பூட்டின கதவு முன்னாடி குளிர்ல ஒரு மணி நேரம் நிக்கணும்.

அம்மாவை மாத்திரை வேளைக்குப் போட்டுக்கச் சொல்லு.

அன்புடன்,
அக்கா