செவ்வந்தியின் குட்டி

கல்லிடைக்குறிச்சி
வியாழக்கிழமை

அன்புள்ள செண்பகம்,

இங்கே எல்லாரும் நலம். அண்ணாச்சிக்கு முட்டுவலி தேவலையா? நாலு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. எழுத வேண்டியதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். எங்கள் பூனை செவ்வந்தியின் குட்டி உனக்குக் கிடையாதுட்டி. போன வாரம் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கருத்தடை ஆபரேஷன் முடிந்தது.

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தபோது, "முதல் ஈத்தில் ஒன்று எனக்கு, அதுவும் மூணு நிறத்தில்" என்று கையடித்து வாங்கிப் போனாய். எனக்கும் ஆசைதான். அத்தையும், "ஒரு தடவையாவது ஈனட்டும், பொட்டப் பிள்ளை பாவம்லா" என்று தினமும் சொன்னார்கள்.

அப்புறம் கத்த ஆரம்பித்தாள். ஏழு மாதம்கூட ஆகவில்லை. ராத்திரியெல்லாம் பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி. ஒரு வாரம் கத்துவாள், பத்து நாள் ஓய்வாள், மறுபடியும் தொடங்குவாள். மச்சில் இரண்டு கடுவன் பூனைகள் காது கிழியச் சண்டை. நான் அடுக்களையில் அவளோடு கதவடைத்துப் படுத்துக்கிடந்தேன்.

அப்போதெல்லாம் உங்கள் ஆச்சி வீட்டுச் சாக்குதான் ஞாபகம் வந்தது. நீயும் மறந்திருக்க மாட்டாய். உள்ளே ஐந்து குட்டி. படித்துறை வரைக்கும் நாம் பின்னாலேயே ஓடினோம். திரும்பி வரும்போது நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறமும் அந்தப் பூனை ஈன்றுகொண்டேதான் இருந்தது. குட்டிகள் எங்கே என்று நாம் கேட்கவே இல்லை.

கணக்குப் பார்த்தேன். சினை இரண்டு மாதம். ஈத்துக்கு மூன்று, நான்கு குட்டி. அதுகள் பால்குடி மறக்கும் முன்பே தாய் மறுபடி சினையாகிவிடலாம். உனக்கு ஒன்று, பேச்சியக்காவுக்கு ஒன்று. மிச்சத்தை யாரிடம் கொடுப்பேன்? பெட்டை என்றால் தூக்கிப் பார்க்கக்கூட ஆளில்லை. செவ்வந்தியே வரப்பில் கிடந்து எடுத்தவள்தானே.

ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனேன். ஒரு தடவை ஈன்றால்தான் உடம்புக்கு நல்லது என்பது வெறும் பேச்சு என்றார் டாக்டரம்மா. ஒரு வயதுக்குள் செய்துவிட்டால் பிற்காலத்தில் மடியில் புற்றுநோய் வருவதும் வெகுவாகக் குறையுமாம். கர்ப்பப்பையில் சீழ் கட்டும் பயமும் இல்லை. மூன்று நிறப் பூனை எல்லாம் அநேகமாகப் பெட்டைதான் என்றும் அவர்தான் சொன்னார்.

மயக்கம் தெளிந்து, வயிற்றில் முடி மழித்த இடத்தை நக்கப் பார்த்தாள். அழுதுவிட்டேன். அவளிடம் கேட்டா செய்தோம்? அந்த வலி இன்னும் போகவில்லை. ஆனாலும் செய்தது சரி.

அத்தை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நெத்திலி அவித்து, முள் எடுத்து, அவர்களே ஊட்டிவிட்டார்கள்.

ரைஸ் மில்லுக்குப் பின்னால் ஒரு சாம்பல் குட்டி நிற்கிறது. கடுவன்தான், ஒரே நிறம்தான். கூப்பிட்டால் வருகிறது. அடுத்த வாரம் செவ்வந்திக்குத் தையல் பிரிக்கப் போகிறேன். நீ சரி என்று ஒரு வரி எழுதினால் அதையும் கொண்டுபோய் ஊசி போட்டு வைக்கிறேன். கூடையோடு வா.

உன்
கோமதி