காலி பாட்டிலும் 10 ரூபாயும்: டாஸ்மாக் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய டாஸ்மாக் நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம். குடிப்பது சரியா தவறா என்று பேச இந்த மடல் இல்லை. குடித்து முடித்த பிறகு மிஞ்சுகிற காலி பாட்டிலைப் பற்றியது.

2022 மே மாதம், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. விற்கும்போது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல்; காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் அந்தப் பணம் திரும்பக் கைக்கு. காட்டோரம் வீசப்பட்ட பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு அது. பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் நான். சட்டத்தைப் பணக்கணக்கு வழியாகப் பார்ப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

'பாட்டில் வீசினால் 1,000 ரூபாய் அபராதம்' என்று பலகை வைத்திருக்கலாம். வீசுகிற நேரத்தில் பக்கத்தில் ஒரு வனக்காவலர் நிற்க வேண்டும், அதுதான் சிக்கல். நூறு பேரில் ஒருவர் மாட்டுவார் என்றால், வீசுகிறவரின் மனக்கணக்கில் அந்த 1,000 வெறும் 10 ரூபாய்தான். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1968-இல் குற்றத்தையும் தண்டனையையும் பற்றி எழுதியபோது போட்டது இந்தக் கணக்கைத்தான். உங்கள் திட்டம் அதே 10 ரூபாயை முன்கூட்டியே வாங்கிவிடுகிறது. காவலுக்கு ஆள் வேண்டாம், வழக்கு வேண்டாம். பழைய சோடாக் கடைகளில் பாட்டில் காசு வாங்கி வைத்துக்கொள்வார்களே, அதேதான்.

அதோடு, ஒருவர் வீசினாலும் இன்னொருவர் பொறுக்குவார். எங்கள் ஊர்ச் சாலையோரம் காலை ஆறு மணிக்கெல்லாம் ஒரு அம்மா உரச்சாக்கோடு வருவார். புதரில் கிடக்கும் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்துப் புரட்டிப் பார்ப்பார். 10 ரூபாய் திரும்பக் கிடைப்பதற்கான ஸ்டிக்கர் இருந்தால் சேலைத் தலைப்பால் மண்ணைத் துடைத்துச் சாக்குக்குள் போடுவார். மழையில் ஊறி உரிந்திருந்தால் பாட்டில் மறுபடி புதருக்கே போய்விடும். ஒரே கண்ணாடி, ஒரே குவார்ட்டர். ஒரு காகிதத் துண்டுதான் வித்தியாசம். பாட்டில் வார்க்கும் அச்சிலோ மூடியிலோ அழியாத அடையாளம் வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். பாட்டிலைத் திரும்ப வாங்குவது கடையில் நிற்கும் விற்பனையாளர். மாலை ஏழு மணிக்குக் கம்பிக்கு வெளியே இருபது கைகள் நீண்டிருக்கும். அந்த நேரத்தில் அவர் ஸ்டிக்கரைச் சரிபார்த்து, பணம் கொடுத்து, பாட்டிலை எண்ணி, மூட்டை கட்டி வைக்க வேண்டும். மூட்டை வைக்கக் கடையில் இடம் வேண்டும், உடைந்தால் கை கிழியும். ஊழியர் சங்கங்கள் இதைச் சொல்லித்தான் எதிர்ப்புத் தெரிவிக்கின்றன. இத்தனைக்கும் பாட்டிலுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி இல்லாவிட்டால், 'நாளைக்கு வாங்க' என்ற சொல் தானாக வாயில் வரும். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் நின்றாலும் அதைத்தான் சொல்வேன்.

அப்புறம், திரும்பி வராத பாட்டில்களின் 10 ரூபாய். அது யார் கையில் தங்குகிறதோ, அவருக்குப் பாட்டில் திரும்பாமல் இருப்பதே லாபம். இந்தத் திட்டத்தையே தின்றுவிடக்கூடிய ஓட்டை இது. இதேபோல் பாட்டில் காசு வாங்கும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதற்கு ஒரு வழி வைத்தார்கள். உரிமை கோராத பணத்தில் முக்கால் பங்கு மாசுபட்ட இடங்களைச் சுத்தம் செய்யும் நிதிக்கும், கால் பங்கு கடைகளுக்கும் போனது. கடைக்கான பங்கை எத்தனை காலி பாட்டிலை வாங்கினார்கள் என்ற கணக்கில்தான் பிரித்தார்கள். பாட்டிலை வாங்காமல் ஆளைத் திருப்பி அனுப்புகிற கடைக்கு நஷ்டம், வாங்குகிற கடைக்கு வரவு.

10 ரூபாய் என்றைக்கும் 10 ரூபாயாக இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் 1971-இல் பாட்டில் காசுச் சட்டம் வந்தது. பல பத்தாண்டுகள் 5 சென்ட்டாகவே நின்றதில் மக்கள் அதை மதிப்பதை விட்டார்கள். திரும்பும் அளவு சரிந்தது. 2017-இல் 10 சென்ட் ஆக்கியதும் மறுபடி ஏறியது. குவார்ட்டர் விலை ஏறும்போதெல்லாம் பாட்டில் காசையும் ஒருமுறை பாருங்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். திரும்பாத பாட்டில் பணத்தை நிறுவன வரவில் சேர்க்காமல் தனிக் கணக்கில் வையுங்கள். அதிலிருந்து, வாங்கும் ஒவ்வொரு பாட்டிலுக்கும் கடை ஊழியருக்கு ஒரு தொகை கொடுங்கள். மூட்டை வைக்க வெளியே ஒரு கொட்டகையும் போட்டுத்தாருங்கள். எத்தனை விற்றன, எத்தனை திரும்பின, எவ்வளவு மிஞ்சியது என்று மாவட்டவாரியாக மாதாமாதம் வெளியிடுங்கள். அடுத்த பருவத்திலும் இதே பாடம்தான் நடத்தப்போகிறேன். கணக்கு வந்தால் கரும்பலகையில் எழுதிப் போட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பொருளாதார ஆசிரியன்